முப்பது நோன்பும் விடாத மகள்: இபாதத்தின் பின்னால் ஒளியும் உணவு நோய்

2025 மார்ச் மாதம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கூத்துப்பறம்பு அருகே 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்துபோனார். உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தில் பல மாதங்களாக உணவை ஒதுக்கி, இணையத்தில் பார்த்த முறைகளைப் பின்பற்றி வந்தவர் அவர். தலச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோன நேரத்தில் காப்பாற்ற முடியாத நிலை. அதே ஆண்டு ஜூலையில் நம் குமரி மாவட்டம் குளச்சலில் 17 வயது மாணவர் ஒருவர், யூடியூப் பார்த்து மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்த நிலையில் மூச்சுத்திணறி இறந்தார். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயது மாணவி ஒருவர், மெலிவதற்கென்று ஒரு காணொளியை நம்பி நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கித் தின்று உயிரிழந்தார்.

மூன்றும் சோற்றுக்கு வழியில்லாமல் நடந்த மரணங்கள் அல்ல. இம்மாதிரிச் செய்திகளைப் படித்ததும் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நம் வீடுகளில் இது நடக்காது என்ற நம்பிக்கைதான் காரணம். நோன்பு நோற்கும் சமுதாயம் நாம். பசியைக் கட்டுப்படுத்தப் பழகியவர்கள். நமக்கு ஏன் வரப்போகிறது இந்த நோய் என்று நினைக்கிறோம். ஆனால் நோன்பு நோற்கும் வீட்டில்தான் இந்த நோய் ஒளிந்துகொள்ள வசதியான ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். எடை இவ்வளவு, சாப்பிட்ட அளவு இவ்வளவு என்ற எண்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். நோயில் இருக்கும் பிள்ளை இதைப் படித்தால் அந்த எண்களையே போட்டியாக எடுத்துக்கொள்ளும்.

திருச்சியில் ரமளான் என்றால், அஸருக்குப் பிறகு பாலக்கரையிலும் தென்னூரிலும் உறையூரிலும் காஜாமலையிலும் பள்ளிவாசல் வாசல்களில் பிள்ளைகள் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நிற்பார்கள். அந்த மாதத்தில் ஒரு பிள்ளை பகலில் சாப்பிடவில்லையே என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஷவ்வாலில் ஆறு நோன்பு, பிறகு திங்கள் வியாழன், பிறகு மாதத்தின் நடுவில் மூன்று, துல்ஹஜ்ஜின் ஒன்பது, முஹர்ரமின் ஆஷூரா. எல்லாமே நன்மைதான். உணவைக் கண்டு அஞ்சும் ஒரு பெண்ணுக்கு இதே பட்டியல், சாப்பிடாமல் இருப்பதற்கு வருடம் முழுவதும் கிடைக்கும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. வீட்டில் திட்டு இல்லை, பாராட்டு இருக்கிறது. "எங்க வீட்டுப் பிள்ளை முப்பதும் விடாமல் பிடித்தாள்" என்று மாமியிடமும் சாச்சியிடமும் அம்மா பெருமையாகச் சொல்கிறார்.

அந்தப் பெருமையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பருவமடைந்த பெண்ணுக்கு ரமளானில் சில நாட்கள் நோன்பு விடுபடுவது இயல்பு. அந்நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது என்பதே மார்க்கத்தின் சட்டம். இருபது வயதுகூட ஆகாத மகள் முப்பதையும் பிடித்து முடித்தாள் என்றால், பாராட்டுவதற்கு முன்னால் அம்மா கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மாதம் ஏன் வரவில்லை? (தள்ளிப்போட மாத்திரை போடும் வழக்கம் வேறு விஷயம், அதற்கும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.) உடலுக்குப் போதிய உணவு கிடைக்காதபோது அது முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் ஒன்று மாதவிடாய். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் அது எலும்பு வரைக்கும் போய்ச் சேரும் சேதத்தின் தொடக்கம். இதை அத்தாவோ அண்ணனோ கவனிக்க முடியாது, பள்ளி ஆசிரியரும் கவனிக்க முடியாது. அம்மாவால்தான் முடியும். அதனால்தான் கூச்சத்தைத் தள்ளிவைத்து வெளிப்படையாக எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

மருத்துவர்கள் உணவுக்கோளாறு என்ற பெயரில் பல நோய்களைச் சொல்கிறார்கள். முதலாவது அனோரெக்சியா. 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் கொடுத்த பெயர். பாரிஸில் லாசேக் என்பவரும் அதே ஆண்டில் இதே நோயை விவரித்தார். பசியின்மை என்பது அந்தச் சொல்லின் பொருள். பெயர் பொருத்தமில்லை. நோயாளிக்குப் பசி இருக்கிறது, பெரும்பாலும் கடுமையாகவே இருக்கிறது. அதை வென்றாக வேண்டும் என்ற கட்டாயம் பசியைவிடப் பெரிதாக நிற்கிறது.

இரண்டாவது புலிமியா. 1979இல் ஜெரால்ட் ரஸல் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதும், பிறகு குற்றவுணர்வில் அதை வெளியேற்ற முயல்வதும் மாறி மாறி வரும். இதில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. பல்லின் மேற்பூச்சு அரிப்பதைப் பார்த்துப் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மூன்றாவது, வெளியேற்றும் முயற்சி இல்லாமல், தனிமையில், வயிறு வலிக்கும் வரை உண்டுவிட்டுத் தன்னையே வெறுப்பது. இதைத் தீனிப்பழக்கம் என்றும் நஃப்ஸின் பலவீனம் என்றும் நாம் ஏசுகிறோம். இதற்கும் சிகிச்சை உண்டு.

நம் நாட்டுக்கென்று ஒரு குறிப்பு. 1995இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உணவை மறுத்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். எடை குறைந்திருந்தது, வாந்தி இருந்தது, மாதவிடாய் நின்றிருந்தது. ஆனால் மேலைநாட்டு நூல்களில் சொல்வது போல "நான் குண்டாக இருக்கிறேன்" என்ற எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. ஹாங்காங்கிலும் மருத்துவர்கள் இதைப் போன்றவர்களைப் பார்த்திருக்கிறார்கள். வயிறு உப்புகிறது, தொண்டையில் இறங்கவில்லை என்பதே அவர்களின் முறையீடு. ஆகவே கண்ணாடி முன்னால் நிற்காத, உடையில் அக்கறையில்லாத, அடக்கமான பிள்ளைக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். "பிடிக்கலை", "வயிறு சரியில்லை", "நோன்பு வச்சிருக்கேன்" என்ற மூன்று சொற்களுக்குள்ளேயே இந்த நோய் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும்.

வரலாறு படித்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். இத்தாலியின் சியன்னா நகரத்துக் கேத்தரின் என்ற கிறிஸ்தவத் துறவி 1380இல் 33 வயதில் இறந்தார். உண்ணாமை அவருக்குத் தவமாக இருந்தது. அவருடைய மத குருக்களே சாப்பிடச் சொன்னபோது, தன்னால் முடியவில்லை என்றார். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருவருக்கு இன்றைய நோயின் பெயரைச் சூட்டலாமா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அது அவர்கள் வேலை. நமக்கு வேண்டியது அந்தப் பதில்தான். விரும்பிச் செய்த வணக்கம் என்றால் நிறுத்த முடியும். நிறுத்தச் சொல்லியும் முடியவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ குடிபுகுந்திருக்கிறது.

நோன்புக்கு இரண்டு கரை

நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த நோன்பை எடுத்துப் பாருங்கள். அது இரண்டு உணவுகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. ஸஹரில் பரக்கத் இருக்கிறது என்றார்கள். சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பதை விரைவுபடுத்தச் சொன்னார்கள். இரண்டும் புகாரியில் இருக்கின்றன. நோன்பு திறக்காமல் அடுத்த நாளோடு சேர்த்துத் தொடர்வதற்கு விஸால் என்று பெயர், அதைத் தடுத்தார்கள். ஸஹரை வேண்டுமென்றே விடுவதும், இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்து "தொழப் போகிறேன்" என்று அறைக்குள் போய்விடுவதும் தொடர்ந்து நடந்தால் அது நோன்பின் வடிவத்தையே மீறியது. இதைக் கண்டுபிடிக்க ஃபிக்ஹு நூல் தேவையில்லை, சமையலறையில் இருப்பவர்களின் கண் போதும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி இருக்கும் வைணவக் குடும்பங்கள் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைத்து விரதத்தை முடிப்பார்கள். அந்த முடிப்புக்குப் பாரணை என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை வேறு, முறை வேறு. ஆனாலும் பாலத்தின் இரு பக்கத்திலும் விரதத்துக்கு ஒரு முடிவு குறிக்கப்பட்டிருக்கிறது, அந்த முடிவு ஓர் உணவு. அங்கே ஏகாதசியின் பின்னாலும் இதே நோய் ஒளிய முடியும். ஸ்ரீரங்கத்திலோ திருவானைக்காவலிலோ குடியிருக்கும் நம்மவர்கள் அண்டை வீட்டுப் பெண்களோடு மனம்விட்டுப் பேச இது ஒரு பொது விஷயம்.

அதிகப்படியான நோன்பு அன்று மதீனாவிலும் ஒரு பிரச்சினையாக வந்தது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) இளைஞர். தினமும் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. நபியவர்கள் அவரைக் கூப்பிட்டு, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை இருக்கிறது என்று நினைவூட்டி, மாதத்துக்கு மூன்று போதும் என்றார்கள். அவர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போக, தாவூத் நபியின் நோன்பான ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் சிறந்தது இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். முதுமை வந்தபின் அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அப்துல்லாஹ் வருந்தியதாகவும் புகாரி அறிவிக்கிறது.

ஸல்மான் (ரலி) அவர்களின் செய்தி இதைவிடவும் நம் வீட்டுக்கு நெருக்கமானது. தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) வீட்டுக்குப் போகிறார். அபுத்தர்தா உணவு வைத்துவிட்டு, தான் நோன்பு என்கிறார். நீங்கள் சாப்பிடாமல் நானும் சாப்பிட மாட்டேன் என்கிறார் ஸல்மான். அபுத்தர்தா சாப்பிட்டார். பின்னர் இது நபியவர்களிடம் போனபோது ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். கவனியுங்கள்: ஸல்மான் அங்கே விரிவுரை நடத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், தட்டில் கைவைக்காமல் காத்திருந்தார். இன்று உணவுக்கோளாறுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

சொல்லித் திருத்த முடியாதது ஏன்?

"இவ்வளவு படித்தும் புரியவில்லையா, சாப்பிட்டால் தீர்ந்தது" என்று பெற்றோர் கோபப்படுவது இயற்கை. அதற்குப் பதிலாக ஒரு பரிசோதனையைச் சொல்கிறோம். 1944 இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மாற்றுப் பணிக்கு முன்வந்தவர்கள் அவர்கள். போரால் பட்டினியில் கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறியவே ஆய்வு. 24 வாரங்கள் அரைவயிற்று உணவு கொடுத்தார்கள்.

அந்த இளைஞர்களுக்கு மெலிய வேண்டும் என்ற ஆசை எதுவுமில்லை. ஆனாலும் நாள் செல்லச் செல்ல அவர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்கள் ஆனார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். ஒரு தட்டை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். எப்போதும் குளிர்ந்தது, எரிச்சல், மனச்சோர்வு, நண்பர்களிடமிருந்து விலகல். பரிசோதனை முடிந்து நிறைய உணவு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்த உணர்வு வரப் பல மாதங்கள் ஆயின. 1950இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த இந்த ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது.

இதிலிருந்து பெற்றோருக்குக் கிடைப்பது இது: மகள் வீட்டில் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டு தான் மட்டும் சாப்பிடாமல் இருப்பதும், யாரிடமும் பேசாமல் சிடுசிடுப்பதும், வெயில் காலத்திலும் போர்த்திக்கொள்வதும் அவள் குணக்கேடு அல்ல. பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். உடலுக்கு உணவு போய்ச் சேர்ந்த பிறகே அறிவுரை அந்த மூளைக்குள் நுழையும். அதற்கு முன்னால் எத்தனை பயான் கேட்க வைத்தாலும் பயனில்லை. மூன்றில் ஒரு பங்கு ஹதீஸை அவளிடம் சொன்னால் அதையும் தன் பட்டினிக்கு ஆதாரமாகப் பிடித்துக்கொள்வாள்.

அந்த ஹதீஸைப் பற்றியும் சொல்லிவிடுவோம். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று திர்மிதியில் வரும் செய்தி மிகைத்து உண்பவருக்கான கடிவாளம். வலீமாவில் பிரியாணியை மலைபோல் குவித்துக்கொள்பவரிடமும், சர்க்கரை ஏறிய பிறகும் பக்கத்துத் தட்டு இனிப்பைப் பார்ப்பவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். நம் சமுதாயத்தில் அதற்கான தேவை நிறையவே இருக்கிறது. சர்க்கரைக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த உணவு முறையைப் பின்பற்றுவது நோயல்ல, அது அமானத்தைப் பேணுவது. மருத்துவ நூலில் எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதியிருக்காது. மிம்பரில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் அதிகம் உண்பவரும் இருக்கிறார், உண்ண அஞ்சுபவரும் இருக்கிறார். அனுமதிக்கப்பட்ட நல்லவற்றைத் தாங்களே தடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் 87ஆம் வசனக் கருத்தையும் அதே மிம்பரில் கேட்க வேண்டும்.

நாக்கு செய்யும் வேலை

இந்த நோய் வருவதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பிறவிக் கூறு, பதற்ற சுபாவம், எல்லாவற்றிலும் முழுமை தேடும் மனம், அனுபவித்த துயரம் என்று பல சேர்ந்து வருகின்றன. பெற்றோரைக் குற்றவாளியாக்குவதில் பயனில்லை. ஆனால் பலருக்கு முதல் பொறி ஒரு பேச்சில்தான் விழுகிறது.

பெருநாள் உடுப்பு எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போன இடத்தில், "இவளுக்கு இந்த சைஸ் பத்தாது" என்று கடையே கேட்கச் சொல்வது. பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்போது, கொஞ்சம் மெலிந்தால் நன்றாக இருக்கும் என்று வீசிவிட்டுப் போவது. பிள்ளை பெற்று ஆறு மாதமாகாத மனைவியிடம் கல்யாணப் புகைப்படத்தைக் காட்டிக் கணவன் சிரிப்பது. மதரஸாவிலும் பள்ளியிலும் பையன்களுக்குள் 'குண்டு', 'ஒல்லி', 'பூசணி' என்று வைக்கும் பெயர்கள். அல்ஹுஜுராத் 11ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் ஒரே மூச்சில் தடுத்திருக்கிறது. இது விளையாட்டுப் பேச்சாயிற்றே என்று அந்த வசனத்தில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

ஒல்லியாக இருப்பவரைக் கேலி செய்தால் தவறில்லை என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) மிஸ்வாக் குச்சிக்காக மரத்தில் ஏறியபோது காற்றில் ஆடை விலகி மெல்லிய கால்கள் தெரிந்தன, தோழர்கள் சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்ட நபியவர்கள், அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி. ஆயிஷா (ரலி) அவர்களின் ஓட்டப்பந்தயமோ எல்லோருக்கும் தெரிந்தது. முதல் முறை அவர் முந்தினார். பிற்காலத்தில் உடல் சதை பிடித்தபின் நபியவர்கள் முந்தினார்கள், அதற்கு இது சரி என்று சிரித்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. மனைவியின் உடல் மாறியிருந்தது. அதைப் பற்றிக் குத்தலாக ஒரு சொல்லும் அதில் இல்லை, இரண்டு பேரும் மறுபடியும் ஓடியிருக்கிறார்கள். சாப்பாட்டையும் அவர்கள் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

ஆண்பிள்ளைகளைச் சேர்க்காமல் விட முடியாது. குளச்சலில் இறந்தவர் பையன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான், நல்லதுதானே என்று இருந்துவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் வீட்டுச் சாப்பாட்டை முழுதாக ஒதுக்கி, டப்பா மாவையும் யாரோ கொடுத்த மாத்திரையையும் நம்பி, ஒரு நாள் பயிற்சி தவறினாலும் நிலைகுலைந்து போகிறான் என்றால் அவனையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது?

முதலில் தனியாக, சாப்பாட்டு நேரத்தில் இல்லாமல், பேச வேண்டும். எடையைப் பற்றிப் பேச வேண்டாம். "நீ சோர்ந்து போயிருக்கிறாய், எங்களுக்குப் பயமாக இருக்கிறது, சேர்ந்து டாக்டரைப் பார்ப்போம்" என்றால் போதும். மறுப்பு வரும், கோபம் வரும். அதற்காக விட்டுவிடக் கூடாது.

பயந்துபோன வீட்டார் செய்யும் இன்னொரு காரியம் ஆபத்தானது. பல வாரம் சரியாகச் சாப்பிடாத பிள்ளையை ஒருநாள் உட்கார வைத்து வயிறு முட்ட ஊட்டிவிடுவது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் நின்றுபோகவும் கூடும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் உணவு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்து மருத்துவ உலகம் கற்ற பாடம் இது. மிகவும் மெலிந்துவிட்ட, மயங்கி விழும், நெஞ்சு படபடக்கும் பிள்ளையை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

வளரும் பருவப் பிள்ளைகளுக்கு இன்று நல்ல பலன் தரும் சிகிச்சை குடும்பத்தை நடுவில் வைப்பது. 1980களில் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. என்ன சாப்பிடுவது என்ற முடிவைக் கொஞ்ச காலம் பெற்றோர் ஏற்றுக்கொள்கிறார்கள். மருத்துவர் வழிகாட்ட, ஒவ்வொரு வேளையும் யாராவது கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை தேறத் தேறப் பொறுப்பு அவள் கைக்குத் திரும்புகிறது. கூட்டாக உண்ணும் நம் வழக்கம் இதற்குப் பெரிய துணை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: ஒரே சஹனில் நாலைந்து பேர் உட்காரும்போது யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிடுவது போல் கை போய்வரும், வாய்க்கு எதுவும் போயிருக்காது. சிகிச்சைக் காலத்தில் பிள்ளைக்குத் தனித் தட்டு வையுங்கள், அதே விரிப்பில்.

கண்ணேறு, ஜின் என்று எண்ணி ஓதிப்பார்க்க அலைபவர்களும் இருக்கிறார்கள். துஆ கேட்பதையும் ஓதுவதையும் எவரும் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றுதான் நபியவர்கள் பதிலளித்தார்கள். ஓதுகிற அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள். கூத்துப்பறம்பு மாணவி விஷயத்தில் போன மாதங்கள்தான் போனவை. இந்த நோயில் காலம் எதிரியின் பக்கம் நிற்கிறது.

திருச்சியில் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழில் பேசுவார்கள். கல்யாண வயதுப் பெண்ணை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனால் ஊரில் பேச்சாகிவிடுமே என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைக்கக் கடமைப்படுத்தியிருக்கிறது. ஜமாஅத்தாரும் இமாம்களும் தங்களிடம் வரும் இப்படிப்பட்ட செய்தியை அமானத்தாகப் பூட்டி வைத்தால் பாதி அச்சம் போய்விடும்.

நோன்பு பற்றிய மஸ்அலா

சிகிச்சையில் இருக்கும் பிள்ளை ரமளான் நெருங்கும்போது அஞ்சுவது பாவத்துக்கு. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அனுமதி அளிக்கும் அல்பகராவின் 184, 185 வசனங்கள் உடல் நோய் என்றோ மன நோய் என்றோ பிரிக்கவில்லை. நோன்பு நோயை வளர்க்கும் அல்லது குணமாவதைத் தாமதிக்கும் என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால் நோன்பை விடலாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் விடுவதே கடமை. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் இதுதான் நிலை. மன உளைச்சலோடு "நான் பிடித்தே தீருவேன்" என்று பிள்ளை அழும்போது, அம்மாவும் அத்தாவும் சொல்வதைவிட, அவள் மதிக்கும் ஓர் ஆலிம் இதைச் சொன்னால் எளிதாக ஏற்றுக்கொள்வாள். ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவெடுத்துவிடுங்கள். பிறை பார்த்த இரவில் விவாதம் வேண்டாம்.

நோன்பில்லாத பிள்ளை ஸஹரிலும் இஃப்தாரிலும் குடும்பத்தோடு உட்காரட்டும். பகல் உணவை அறைக்குள் ஒளிந்து சாப்பிட வைக்காதீர்கள். ஒளிந்து சாப்பிடும் பழக்கமே நோயின் பாதி. அம்மா நோன்பாக இருந்தாலும் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். குர்ஆன் ஓதுவதும், பள்ளிக்குப் போகும் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொடுப்பதும், ஸதக்கா பிரிப்பதும் அவளுக்கு அந்த மாதத்தில் பங்கு தரும்.

இந்த நோயிலிருந்து குணமாக வழி இருப்பதால் ஃபித்யா கொடுத்து முடித்துவிடும் கணக்கில் இது வராது. குணமான பிறகு களா செய்ய வேண்டும். குணமாவதற்குள் அடுத்த ரமளான் வந்துவிட்டாலும், தக்க காரணத்தால் தாமதித்தவர்மீது அதற்காகத் தனிப் பரிகாரம் இல்லை. விடுபட்ட எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து குர்ஆன் அலமாரியில் வைத்துவிடுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும் நாள் வரும்போது, பகல் குறுகிய குளிர்காலத்தில், வீட்டில் இன்னொருவரும் கூட நோன்பிருக்க, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.